கோமாளியைக் காட்டி நிறவெறியை மறைக்கும் புத்தகங்கள்

டொனால்ட் டிரம்ப் 2021 ஜனவரியில் முதன்முறை பதவியை விட்டு இறங்குவதற்கு முன்பே அவரைப் பற்றி ஒரு நூலகம் அளவுக்குப் புத்தகங்கள் வந்துவிட்டன. 'வாஷிங்டன் போஸ்ட்' ஏட்டின் நூல் விமர்சகராக இருந்த கார்லோஸ் லொசாடா, டிரம்ப் காலத்தைப் பற்றிய ஏறத்தாழ 150 புத்தகங்களைப் படித்து, அவற்றைப் பற்றியே 2020இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அவர் எழுதி முடித்த பிறகும் புத்தகங்கள் வருவது நிற்கவில்லை. டிரம்ப் 'முன்னாள் அதிபர்' ஆக இருந்த நான்கு ஆண்டுகளில் இன்னும் பல வந்தன. அமெரிக்காவின் பெயர் பெற்ற அரசியல் செய்தியாளர்களில் பெரும்பாலோர் ஆளுக்கொன்றாவது எழுதியிருக்கிறார்கள். சிலர் இரண்டு, மூன்றுகூட எழுதியிருக்கிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை டிரம்பை அம்பலப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட புத்தகங்கள். இலட்சக்கணக்கில் விற்றன. வாசித்தவர்கள் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள், பயந்தார்கள். 2024 நவம்பரில் அதே மனிதர் 7 கோடியே 70 லட்சம் வாக்குகளுக்கு மேல் பெற்று மீண்டும் அதிபரானார்.

புத்தகம் படித்து யாரும் வாக்கு மாற்றுவதில்லை என்று இதைத் தள்ளிவிடலாம். நான் கேட்பது வேறு. இத்தனை ஆயிரம் பக்கங்களில் இந்தச் செய்தியாளர்கள் டிரம்ப் யார் என்று சொன்னார்கள்? எதைச் சொல்லாமல் விட்டார்கள்? இவற்றில் முக்கியமான சிலவற்றைச் சாதி ஒழிப்பு அரசியலில் நிற்கும் ஒரு வாசகனாகப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான். இந்தப் புத்தகங்கள் நிறவெறியை ஒரு மனிதனின் கெட்ட குணமாகச் சுருக்குகின்றன. அந்த மனிதனை வளர்த்து, வாக்களித்து, விளம்பரம் கொடுத்து, பதவியில் உட்கார வைத்த வெள்ளைச் சமூகத்தை அவை குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. சாதியைப் பற்றி நம் ஊடகங்கள் எழுதுவதைப் படித்துப் பழகிய நமக்கு இது புதிய வித்தை இல்லை.

அரண்மனைக் கதைகள்

முதலில் வந்த பெரிய வெடி மைக்கேல் வுல்ஃப் எழுதிய 'ஃபயர் அண்ட் ஃப்யூரி'. 2018 ஜனவரி 9ஆம் தேதி வரவேண்டிய புத்தகம். டிரம்பின் வழக்கறிஞர்கள் வெளியிடக் கூடாது என்று நோட்டீஸ் அனுப்பியதும், பதிப்பகம் ஜனவரி 5ஆம் தேதியே கடைக்கு அனுப்பிவிட்டது. வெள்ளை மாளிகையில் பல மாதங்கள் வந்து போய்க்கொண்டிருந்த வுல்ஃப், அங்கே யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எழுதினார். அதிபர் படுக்கையில் பர்கர் சாப்பிடுகிறார், யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார், எதையும் படிப்பதில்லை என்கிற மாதிரியான செய்திகள். புத்தகத்தில் ஓங்கி ஒலிக்கும் குரல்களில் ஒன்று ஸ்டீவ் பேனனுடையது. வெள்ளை இனவாத அரசியலுக்கு அடுப்பு மூட்டிய அதே பேனன், இங்கே டிரம்பின் முட்டாள்தனத்துக்குச் சாட்சி சொல்லும் கெட்டிக்காரராக வருகிறார்.

அதே ஆண்டு செப்டம்பரில் பாப் உட்வர்டின் 'ஃபியர்' வந்தது. வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டு வந்த இருவரில் ஒருவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. முதல் வாரத்திலேயே 11 லட்சம் பிரதிகள் விற்றதாகப் பதிப்பகம் அறிவித்தது. இந்தப் புத்தகம் தொடங்கும் காட்சி பிரபலமானது. தென் கொரியாவுடனான வணிக ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம் ஒன்று அதிபரின் மேசையில் கையெழுத்துக்குத் தயாராக இருக்கிறது. அவருடைய பொருளாதார ஆலோசகர் கேரி கோன் அதை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பித்துப் பிடித்த ராஜா, நாட்டைக் காப்பாற்றும் நல்ல மந்திரி. புத்தகம் முழுக்க இதே அச்சுதான்.

அந்த நல்ல மந்திரியைக் கொஞ்சம் பார்ப்போம். 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் நவ நாஜிக்களும் வெள்ளை இனவாதிகளும் தீப்பந்தம் ஏந்தி அணிவகுத்தார்கள். எதிர்த்து நின்றவர்கள்மீது அவர்களில் ஒருவன் காரை ஏற்றியதில் ஹெதர் ஹேயர் என்ற பெண் கொல்லப்பட்டார். இரு தரப்பிலும் மிக நல்ல மனிதர்கள் இருந்தார்கள் என்றார் டிரம்ப். நாஜிக்களைச் சொல்லவில்லை என்று அதே பேட்டியில் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்களே வெள்ளை இனவாதிகள்தான். யூதரான கேரி கோன் மனம் நொந்து பதவி விலகல் கடிதம் எழுதினார், ஆனால் விலகவில்லை. வரிக்குறைப்புச் சட்டம் பாக்கி இருந்தது. அந்த டிசம்பரில் பெருநிறுவனங்களின் வருமான வரி 35 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாக இறங்கியது. அடுத்த மார்ச்சில், இறக்குமதி எஃகுக்கு வரி போடுவது என்று டிரம்ப் முடிவெடுத்தபோதுதான் கோன் விலகினார். தீப்பந்தத்துக்கு விலகாதவர் எஃகு வரிக்கு விலகினார்.

இந்தத் தேதிகள் யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. பதவி விலகல் கடிதம் எழுதிய கதை உட்வர்டின் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் புத்தகம் படித்து முடிக்கும் வாசகர் மனதில் கோன் நாட்டைக் காத்தவராகத்தான் நிற்கிறார். ஏன்? இந்த வகைப் புத்தகங்கள் பெயர் சொல்ல விரும்பாதவர்களின் வாய்மொழியில் கட்டப்படுகின்றன. பேச வருகிறவர்கள் தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்ளவே வருகிறார்கள். செய்தியாளருக்கு அடுத்த புத்தகத்துக்கும் அவர்கள் வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் உருவாகும் கதையில் கெட்டவன் ஒருவன்தான் இருக்க முடியும். அவனைச் சுற்றியிருந்து ஆட்சியை நடத்திக் கொடுத்தவர்கள் எல்லாம் 'அறையில் இருந்த பெரியவர்கள்' ஆகிவிடுகிறார்கள்.

டிரம்பின் 'பொறுத்துக்கொள்ளச் சகியாமை' என்ற கொள்கையின்கீழ் மெக்சிகோ எல்லையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். அதற்குத் திட்டம் போட்டவர்கள், கையெழுத்திட்டவர்கள், கூண்டுக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் என்று ஒரு நீண்ட வரிசை இருந்தது. அரண்மனைக் கதைகளில் அந்தக் குழந்தைகள் ஓரமாக வந்து போகிறார்கள். அவர்களையே மையமாக வைத்து 'செபரேட்டட்' என்ற புத்தகத்தை 2020இல் எழுதிய ஜேக்கப் சோபராஃப், தடுப்பு முகாம்களுக்கு நேரில் போய்ப் பார்த்த தொலைக்காட்சிச் செய்தியாளர். இரண்டுவகை எழுத்துக்கும் உள்ள வேறுபாடு அதிலேயே தெரியும்.

ஒலிப்பதிவும் ஒரு லட்சம் பேரும்

உட்வர்டின் இரண்டாவது புத்தகமான 'ரேஜ்' 2020 செப்டம்பரில் வந்தது. இதற்காக டிரம்ப் அவருக்கு 18 முறை பேட்டி கொடுத்தார். எல்லாம் ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. 2020 பிப்ரவரி 7ஆம் தேதி பேச்சில், கொரோனா காற்றில் பரவக்கூடியது, சாதாரணக் காய்ச்சலைவிடக் கொடியது என்று டிரம்ப் தெளிவாகச் சொல்கிறார். மார்ச் 19ஆம் தேதி, இதன் கடுமையைக் குறைத்துக் காட்டுவதையே தாம் விரும்புவதாகச் சொல்கிறார். பொதுமேடைகளில் அவர் அந்த நாட்களில் பேசியது இதற்கு நேர் எதிரானது.

பிப்ரவரி 24ஆம் தேதி அவர் எங்கே இருந்தார் என்பது நமக்கு நினைவிருக்கும். அகமதாபாத், மோட்டேரா மைதானம். 'நமஸ்தே டிரம்ப்'. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்திருந்தார்கள். அவர் போகும் வழியில் இருந்த குடிசைப் பகுதி கண்ணில் படாமலிருக்கச் சுவர் எழுப்பினார்கள். காற்றில் பரவும் கொடிய நோய் என்று 17 நாட்களுக்கு முன் தொலைபேசியில் சொன்ன மனிதர், அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று கையசைத்தார்.

இந்த ஒலிப்பதிவுகள் உலகுக்குத் தெரிய வந்தது செப்டம்பர் 9ஆம் தேதி. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்திருந்தார்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டபோது, டிரம்ப் சொல்வது உண்மையா என்று முதலில் சரிபார்க்க வேண்டியிருந்தது, தேர்தலுக்கு முன் முழுச் சித்திரமாகக் கொடுப்பதே என் நோக்கம் என்ற பொருளில் உட்வர்ட் விளக்கம் சொன்னார். பிப்ரவரிப் பேச்சுக்கு அந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளலாம். டிரம்ப் வாயைத் திறந்தால் எது உண்மை என்று தெரியாதுதான். மார்ச் 19ஆம் தேதிப் பேச்சுக்கு அது பொருந்தாது. அங்கே சரிபார்க்க மருத்துவ உண்மை எதுவும் இல்லை. மக்களிடம் குறைத்துச் சொல்கிறேன் என்று சொன்னவரே ஒப்புக்கொள்கிறார்.

அந்த ஆறு மாத மௌனத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? ஏப்ரல் 28ஆம் தேதி, இறைச்சித் தொழிற்சாலைகள் மூடப்படாமல் இயங்க வேண்டும் என்று டிரம்ப் ஆணை போட்டார். அந்தத் தொழிற்சாலைகளில் நெருக்கியடித்து நின்று மாட்டையும் கோழியையும் வெட்டுகிறவர்களில் பெரும்பகுதியினர் லத்தீன் அமெரிக்கர்கள், கறுப்பினத்தவர், குடியேறிகள். அரசின் நோய்த்தடுப்பு மையம் ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தத் தொழிற்சாலைகளில் தொற்று வந்தவர்களில் இனம் குறிப்பிடப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 87 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதவர்கள். உட்வர்ட் முன்பே சொல்லியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் கணக்குப் போடவில்லை. தலைவரோடு பதினெட்டு முறை பேசக் கிடைத்த ஒரு செய்தியாளர், தன் கையில் இருந்த செய்தி யாருக்கு உயிர்ப் பிரச்சினை என்பதை எந்த இடத்தில் நின்று எடைபோட்டார் என்று மட்டும் கேட்கிறேன். இறைச்சி வெட்டும் மேசையருகே நின்றிருந்தால் செப்டம்பர் வரை காத்திருக்க முடிந்திருக்குமா?

இதே பேட்டிகளில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, உட்வர்ட் ஒரு நல்ல கேள்வியும் கேட்டார். நீங்களும் நானும் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள், கறுப்பின மக்களின் வலியைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு நமக்கு இருக்கிறதல்லவா என்றார். டிரம்ப் அவரைக் கேலி செய்தார். கேள்வி சரியானதுதான். ஆனால் அந்த வலியை அறிய இரண்டு வெள்ளையர்கள் தொலைபேசியில் பேசிக்கொள்வதோடு கதை முடிந்துவிடுகிறது. வலிப்பவர் அங்கே பேசுவதில்லை.

உட்வர்டை மட்டும் குறை சொல்வது சரியாகாது. 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர் மேகி ஹேபர்மேன் 2022 அக்டோபரில் 'கான்ஃபிடன்ஸ் மேன்' எழுதினார். தேர்தலில் தோற்ற பிறகு, வெள்ளை மாளிகையை விட்டுப் போகவே மாட்டேன் என்று டிரம்ப் உதவியாளர்களிடம் சொன்ன செய்தி, அந்தப் புத்தகம் வரும் வேளையில்தான் வெளியே வந்தது. செய்தியைப் புத்தகத்துக்காக வைத்திருந்தார் என்ற விமர்சனம் அவர்மீதும் எழுந்தது. அவருடைய பத்திரிகை அவர் பக்கமே நின்றது.

இந்த நூல்களால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேர்தல் முடிவைத் துணை அதிபரை வைத்துப் புரட்டுவதற்கு வழக்கறிஞர் ஜான் ஈஸ்ட்மன் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பு, உட்வர்டும் ராபர்ட் கோஸ்டாவும் 2021இல் எழுதிய 'பெரில்' நூலின் வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஹேபர்மேன் புத்தகத்தின் முற்பகுதி நியூயார்க் நகரத்தின் கட்டட வியாபாரமும் அரசியலும் டிரம்பை எப்படி உருவாக்கின என்று பேசுகிறது. அந்தத் திசையில் இன்னும் போயிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

1973லேயே எல்லாம் காகிதத்தில் இருந்தது

டிரம்பைப் புரிந்துகொள்ள வெள்ளை மாளிகையின் சோபாவில் உட்கார வேண்டியதில்லை. 1973 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை டிரம்பின் குடும்ப நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. தந்தை ஃப்ரெட், மகன் டொனால்ட் இருவரும் பிரதிவாதிகள். அவர்கள் நிர்வகித்த ஏறத்தாழ 14 ஆயிரம் வாடகைக் குடியிருப்புகளில் கறுப்பின மக்களுக்கு வீடு கொடுக்க மறுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கறுப்பினத்தவர் விண்ணப்பம் கொடுத்தால் அதில் இரகசியக் குறியீடு போட்டு வைத்தார்கள் என்று ஊழியர்களே சொன்னார்கள். கறுப்பினத்தவர் கேட்டால் வீடு காலி இல்லை, அடுத்து வரும் வெள்ளையருக்கு வீடு உண்டு. 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்டுவிட்டு 'ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிட்டோம்' என்று அனுப்பும் நம்மூர் வீட்டுக்காரரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிரம்ப் தரப்பு 10 கோடி டாலர் கேட்டு அரசின்மீதே எதிர்வழக்குப் போட்டது. அது தள்ளுபடியானது. 1975இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, இனிப் பாகுபாடு காட்ட மாட்டோம் என்று உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள்.

1970களின் கடைசியில் இந்தக் காகிதங்களையெல்லாம் தோண்டியவர் 'வில்லேஜ் வாய்ஸ்' வார ஏட்டின் செய்தியாளர் வெய்ன் பாரெட். நீதிமன்ற ஆவணம், நிலப் பதிவு, நகராட்சி வரிக் கோப்பு இவைதான் அவருக்குச் செய்தி மூலங்கள். கொமோடோர் ஹோட்டலைப் புதுப்பிக்க டிரம்புக்கு 40 ஆண்டு வரிச்சலுகை கிடைத்தது எப்படி என்று எழுதினார். புரூக்ளினில் கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதியான பிரவுன்ஸ்வில்லில் குடியிருந்த அவருக்கு, நல்ல இடத்தில் வீடு பார்த்துத் தருகிறேன் என்று டிரம்ப் ஆசை காட்டியதையும் அவர் பின்னாளில் சொன்னார். 1992இல் டிரம்பைப் பற்றி முழுப் புத்தகம் எழுதினார். டிரம்ப் பதவியேற்ற நாளுக்கு முதல் நாள், 2017 ஜனவரி 19 அன்று பாரெட் இறந்தார்.

பாரெட்டின் எழுத்தில் டிரம்ப் கோமாளியாக வரவில்லை. அரசு மானியத்தில் வளர்ந்து, நிறத்தைப் பார்த்துக் கதவடைத்து, அரசியல்வாதிகளைக் கையில் போட்டுக்கொண்டு பெருத்த ஒரு வியாபாரக் குடும்பத்தின் வாரிசாக வருகிறார். அப்படி எழுதினால் அந்த மானியத்தைக் கொடுத்தவர்களும் கதவடைப்பைக் கண்டுகொள்ளாதவர்களும் கதைக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

பத்திரிகைகளும் வந்தாக வேண்டும். 1989இல் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயது வரையுள்ள கறுப்பின, லத்தீன் சிறுவர்கள் ஐந்து பேர் சிக்கவைக்கப்பட்டார்கள். நகரத்து ஏடுகள் அவர்களை 'ஓநாய்க் கூட்டம்' என்று எழுதின. மரண தண்டனையைத் திரும்பக் கொண்டு வா என்று டிரம்ப் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டு அதை வெளியிட்டவை நான்கு பெரிய நாளேடுகள். அதில் 'நியூயார்க் டைம்ஸ்' ஒன்று. 2002இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் உறுதி செய்த பிறகு ஐவரின் தண்டனையும் ரத்தானது. டிரம்ப் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. 2011இல் ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவரே இல்லை என்ற பொய்யை அவர் ஊர் ஊராகச் சொன்னபோது மைக் பிடித்தவை தொலைக்காட்சிகள். 2016இல் டிரம்பின் பரப்புரை நாட்டுக்கு நல்லதில்லாமல் இருக்கலாம், எங்கள் தொலைக்காட்சிக்கு மிக நல்லது என்று சிபிஎஸ் நிறுவனத்தின் தலைவரே முதலீட்டாளர்களிடம் பேசினார். டிரம்பைத் தனிப்பட்ட நோயாளியாகக் காட்டும் புத்தகத்தில் இந்தக் கணக்குகளைத் தீர்க்க வேண்டிய அவசியம் வராது.

ஒருவன் அல்ல

டிரம்பை விதிவிலக்காகப் பார்க்கிறவர்கள் ஒரு தகவலை நினைவில் வைக்க வேண்டும். 1964இல் லிண்டன் ஜான்சன் வென்ற பிறகு, அதிபர் தேர்தலில் எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் வெள்ளை வாக்காளர்களில் பெரும்பான்மையைப் பெற்றதில்லை. அதே 1964இல்தான் ஜான்சன் குடியுரிமைச் சமத்துவச் சட்டத்தில் கையெழுத்திட்டார், மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கறுப்பின மக்களுக்குச் சட்டம் சம உரிமை கொடுத்த நாளிலிருந்து வெள்ளைப் பெரும்பான்மை மறுபக்கம் போய் நிற்கிறது. டிரம்ப் அந்த வரிசையில் வந்த ஒருவர். மற்றவர்கள் நாசூக்காகச் சொன்னதை அவர் மேடையில் கத்திச் சொன்னார்.

இதை வெளிப்படையாக எழுதிய செய்தியாளர்கள் இருக்கிறார்கள். கறுப்பின எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் 2017இல் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில், டிரம்பின் அரசியல் முழுக்க வெள்ளைத்தன்மையின்மேல் நிற்கிறது என்றும், ஏழை வெள்ளையர் மட்டுமல்ல, எல்லா வருமானப் படிநிலையிலும் வெள்ளையர் அவருக்கு வாக்களித்தார்கள் என்றும் காட்டினார். பொருளாதாரக் கவலையால் வாக்களித்தார்கள் என்ற சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. அதைவிட மோசமான வறுமையில் இருந்த கறுப்பின மக்கள் ஏன் டிரம்புக்கு வாக்களிக்கவில்லை என்ற எளிய கேள்விக்கு அந்தச் சமாதானத்திடம் பதில் இல்லை.

2024இல் லத்தீன் அமெரிக்கர்களிடமும் கறுப்பின ஆண்களிடமும் டிரம்புக்கு வாக்கு கூடியதே என்று சிலர் கேட்பார்கள். கூடியது உண்மை. ஆனாலும் கறுப்பின வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தார்கள். ஒடுக்கப்பட்டோரில் ஒரு பகுதி ஒடுக்குமுறைக் கட்சிக்குப் போவதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். படிநிலை அமைப்பில் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற திருப்தி எல்லாப் படிகளிலும் வேலை செய்யும் என்று அம்பேத்கர் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அமைப்பைப் பேசினால் இந்த முரணையும் விளக்க முடியும். ஒரு மனிதனின் கிறுக்குத்தனத்தை மட்டும் பேசினால் விளக்க முடியாது.

எழுதுகிறவர் எங்கே நிற்கிறார்

1968இல் கெர்னர் ஆணையம், அமெரிக்கச் செய்தித்துறையின் ஆசிரியர் பிரிவுகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும், பத்திரிகைகள் வெள்ளையரின் கண்ணால் மட்டுமே உலகைப் பார்க்கின்றன என்றும் அறிக்கை கொடுத்தது. 2000ஆம் ஆண்டுக்குள் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பச் செய்தி அறைகளை மாற்றுவோம் என்று 1978இல் நாளேடுகளின் ஆசிரியர் சங்கம் உறுதி எடுத்தது. 2000 வந்தது, போனது. இலக்கு எட்டப்படவில்லை.

இங்கே நமக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1996இல் 'வாஷிங்டன் போஸ்ட்' ஏட்டின் டெல்லிச் செய்தியாளராக இருந்தவர் கென்னத் கூப்பர் என்ற கறுப்பினத்தவர். அவர் இந்தியாவில் ஒரு தலித் செய்தியாளரைத் தேடினார். அந்தத் தேடலில் தூண்டப்பட்ட பி. என். உனியால் 'தி பயனியர்' ஏட்டில் எழுதிய கட்டுரையில், டெல்லியில் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் மத்தியில் ஒரு தலித்தைக்கூடத் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் நடத்திய ஆய்வில், செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121இல் 106 உயர்சாதியினர் கையில் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

இதனால்தான் நம் ஊடகங்களும் அரண்மனைக் கதையையே விரும்புகின்றன. சேரியில் வீடு புகுந்து கொளுத்தினால் அது 'இரு தரப்பினரிடையே மோதல்'. டிரம்ப் சார்லட்ஸ்வில்லில் சொன்ன வார்த்தையை நம் நிருபர்கள் அவருக்கு முன்பிருந்தே எழுதி வருகிறார்கள். மகளைக் கொன்ற தந்தை 'ஆத்திரத்தில் வெறிச்செயல்' செய்தவர். அவருக்குப் பின்னால் நின்ற சாதிச் சங்கம், பஞ்சாயத்து, காவல் நிலையம் எதுவும் செய்தியில் வராது. ஒரு தலைவர் சாதிவெறியோடு பேசினால் 'சர்ச்சைப் பேச்சு' என்று தலைப்பு போட்டு இரண்டு நாள் விவாதம் நடத்துகிறோம். அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்களிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை.

அரண்மனைக்குள் போகாமலே அரசியல் செய்தி எழுத முடியும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சான்று ஐடா பி. வெல்ஸ். அடிமையாகப் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண், கும்பல் கொலைகளைப் பற்றி எழுதியதற்காக 1892இல் மெம்ஃபிஸ் நகரில் அவருடைய பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டது. அவர் நிற்கவில்லை. வெள்ளையர் ஏடுகளே வெளியிட்ட கணக்கைத் தொகுத்து, எத்தனை பேர், எந்த ஊரில், என்ன பொய்க்காரணம் சொல்லிக் கொல்லப்பட்டார்கள் என்று 1895இல் நூலாக வெளியிட்டார். எந்தக் கவர்னர் படுக்கையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. அதே காலத்தில் இங்கே இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். அடுத்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். பெரிய ஏடுகள் தங்களைப் பற்றி எழுதாது என்று தெரிந்த பிறகு, காத்திருக்காமல் எழுத உட்கார்ந்தவர்கள் இவர்கள்.

டிரம்ப் மீண்டும் அதிபராக இருக்கிறார். இந்த ஆட்சியைப் பற்றியும் புத்தகங்கள் வரும், தமிழிலும் அவற்றின் சாரம் சுடச்சுட வரும். வரும்போது சில கேள்விகளோடு படிப்போம். இதில் பேசுகிறவர்கள் யார், அவர்களுக்கு இதனால் என்ன ஆதாயம்? இந்த ஆட்சியால் வீடு இழந்தவர், வேலை இழந்தவர், பிள்ளையைப் பிரிந்தவர் பேசுகிறாரா? இந்த மனிதர் நாளைக்கே இல்லாமல் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மை நம்ப வைக்கிறதா? இந்த மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அந்தப் புத்தகம் எவ்வளவு கடுமையாகத் திட்டியிருந்தாலும் அது டிரம்புக்கு எதிரான புத்தகம் இல்லை. நம்மூர்த் தலைவர்களைப் பற்றிய புத்தகங்களிடமும் இதையே கேட்போம்.